ஒன்றுக்கு மேல் என்றால் மேல்

மார்ச் 4

அன்புள்ள நண்டுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா?

போன வாரம் தெருமுனைக் கடைக்குப் போன் போட்டாயாமே. கடைக்காரர் என்னை இழுத்துவந்து ரிசீவரைக் கையில் கொடுத்தார். காதில் வைத்தால் 'ஞொய்' என்று ஒரே இரைச்சல். அது நீயா, கம்பியா என்று தெரியவில்லை. ஜெனரேட்டர் அறையில் பத்து வருஷம் கிடந்தவன் காது வேறு எப்படி இருக்கும்? "நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்" என்று நாலு தடவை கத்திவிட்டு வைத்துவிட்டேன். நீ என்ன கேட்டாய் என்றே தெரியாமல் பதில் சொல்லியிருக்கிறேன். எதுவாக இருந்தாலும் எழுதிவிடு. கண் இன்னும் வேலை செய்கிறது.

வேலை அதே வேலைதான். காலை எட்டு மணிக்குப் பையை மாட்டினால் ஒரு நாளைக்கு இருநூறு வீடு. மீட்டர் பெட்டியைத் திற, எண்ணை எழுது, மூடு, அடுத்த வீட்டுக்கு நட. இன்னும் இரண்டு வருஷத்தை எப்படியாவது தள்ளிவிட்டால் ஓய்வு.

ஒரு சின்ன விஷயம் கேட்க வேண்டும். இரண்டு மாதமாக வலது கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. வேடிக்கை என்னவென்றால் சொல்லிவைத்தாற்போல இருபத்தாறாவது வீட்டில்தான் பிடிக்கிறது. தையல்காரர் வீட்டு மதிலில் சாய்ந்து இரண்டு நிமிஷம் நின்றால் விட்டுவிடுகிறது. அப்புறம் மறுபடி ஒரு இருபத்தாறு வீடு. நான் தினமும் நிற்பதைப் பார்த்து அந்த வீட்டு நாய் இப்போது வாலாட்டுகிறது. உன் அண்ணி சுளுக்கு என்று சொல்லி தைலம் தேய்க்கிறாள். நீ ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க ஊரார் காலைப் பிடித்துப் பிழைக்கிறவள் ஆயிற்றே, உனக்குத் தெரிந்திருக்கும் என்று கேட்டேன். அவசரம் ஒன்றும் இல்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


மார்ச் 15

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே இருவரும் சுகம். அவருக்குத் தொந்தி மட்டும் தன்னிஷ்டத்துக்கு வளர்கிறது. அண்ணிக்கு முழங்கை வலி எப்படி இருக்கிறது என்று எழுது.

ஊரார் காலைப் பிடித்துத்தான் பிழைக்கிறேன், மறுக்கவில்லை. நேற்று மட்டும் முப்பத்தோரு கால். பேனா மாதிரி ஒரு கருவியைப் பாதத்தில் வைத்தால் ரத்தம் ஓடும் சத்தம் பெட்டியில் கேட்கும். 'உஷ்... உஷ்...' என்று. நாள் முழுக்க அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் குழாயில் தண்ணீர் விழுந்தால்கூட யாருடைய கால் என்று தோன்றுகிறது.

உனக்கு வந்திருப்பது சுளுக்கு இல்லை, அண்ணா. சுளுக்கு வீட்டை எண்ணிப் பார்த்துக்கொண்டு வராது. நடக்கும்போது கெண்டைக்கால் தசைக்கு ரத்தம் கூடுதலாக வேண்டும். ரத்தக்குழாயின் உள்ளே கொழுப்பு படிந்து வழி குறுகியிருந்தால் கேட்ட அளவு வராது. தசை வலித்துக் கத்தும். நின்றால் தேவை குறைந்துவிடும், வலி போய்விடும். மறுபடி அதே தூரத்தில் பிடிக்கும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை, முப்பது வருஷமாகச் சிகரெட். இது உனக்கு வராமல் வேறு யாருக்கு வரும்?

பயப்படாதே. முதலில் ஒரு சோதனை. கையில் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள் இல்லையா, அதே பட்டையைக் கணுக்காலிலும் கட்டிப் பார்ப்பார்கள். கணுக்கால் எண்ணைக் கை எண்ணால் வகுக்க வேண்டும். உனக்கு வகுத்தலைச் சொல்லித் தர வேண்டியதில்லை. புள்ளி ஒன்பதுக்குக் கீழே வந்தால் அடைப்பு. ஒன்றுக்கு மேல் என்றால் மேல். அவ்வளவுதான். எண்ணை மட்டும் எனக்கு எழுது.

மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும். படுத்திருக்கும்போது பாதம் வலிக்கிறதா? பாதத்தில் எங்காவது புண் இருக்கிறதா? சிகரெட்டை என்றைக்கு விடப்போகிறாய்?

தங்கை


ஏப்ரல் 20

அன்புள்ள நண்டுக்கு,

உன் கடிதம் கிடைத்து ஒரு மாதம் ஆகிவிட்டது. திட்டாதே. இங்கே நாங்கள் இருந்தபடி இருக்கிறோம். அண்ணியின் முழங்கை தேவலை.

சிகரெட்டை நாளுக்கு இரண்டாகக் குறைத்துவிட்டேன். மீதியை நினைத்துக்கொண்டு நடக்கிறேன். சோதனைக்கு அடுத்த வாரம் கட்டாயம் போகிறேன். இந்த வாரம் எங்கள் மேற்பார்வையாளர் ஒவ்வொருவர் பின்னாலும் வந்து எத்தனை வீடு ஆகிறது என்று பார்க்கிறார். நடக்க முடியாதவர்களை எல்லாம் அலுவலகத்தில் புகார் கவுன்டரில் உட்கார வைக்கப் போகிறார்களாம். உட்கார்ந்த வேலை, மற்றவர்களுக்குக் கசக்குமா? ஆனால் நான் அங்கே உட்கார்ந்தால் வருகிறவர் சொல்கிற புகார் எனக்குக் கேட்க வேண்டுமே. "உங்க மீட்டர் எரியுதா?" என்று கேட்டுவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போ என்பார்கள். காது போன ஆளுக்குக் கால்தான் சோறு போடுகிறது.

அதனால் ஒரு கூட்டாளியிடம் தெருவை மாற்றிக்கொண்டேன். இது கொஞ்சம் சின்னத் தெரு. ஒரு மாறுதலுக்காகத்தான். பதினெட்டாவது வீட்டு வாசலில் ஒரு சிமென்ட் மேடை இருக்கிறது, நல்ல நிழல். அந்த வீட்டு அம்மாள் தினமும் தண்ணீர் தருகிறார். நல்ல மனுஷி.

அலுவலகத்தில் எல்லாருக்கும் புது ஷூ கொடுத்தார்கள். தோல் கொஞ்சம் முரடு. பழகிவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஏப்ரல் 29

அண்ணா,

சுகம். உன் சுகத்தைத்தான் நம்ப முடியவில்லை.

மூன்று கேள்வி கேட்டேன். கடைசிக் கேள்விக்கு மட்டும், அதுவும் பாதிப் பதில் எழுதியிருக்கிறாய். இருபத்தாறு பதினெட்டு ஆனதை மாறுதலுக்காக என்று எழுதுகிறாய். நான் உன் மேற்பார்வையாளர் இல்லை, என்னிடம் எதற்கு இந்தச் சமாளிப்பு?

புது ஷூவைத் தூக்கிப் போடு. சர்க்கரை இருக்கிற பாதத்துக்கு உணர்ச்சி மந்தம், கடித்தால் தெரியாது. தினமும் பாதத்தைத் திருப்பிப் பார். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார். அண்ணியைப் பார்க்கச் சொல்.

சோதனைக்குப் போ. அடுத்த கடிதத்தில் எண் இல்லாவிட்டால் நான் பதில் போட மாட்டேன்.

இங்கே கூட வேலை பார்க்கிறவள் பிரசவ விடுப்பில் போகிறாள். பதிலுக்கு ஆள் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தங்கை


மே 25

அன்புள்ள நண்டுக்கு,

எல்லாரும் சுகந்தானே? இந்தக் கடிதத்தைப் படித்தால் நீ இன்னும் சுகமாகிவிடுவாய்.

போய்விட்டு வந்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு இல்லை, இங்கே பக்கத்தில் இருக்கிற கிளினிக்குக்கு. கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து முதலில் இரண்டு கையிலும் பட்டை கட்டினார் நர்ஸ். அப்புறம் கணுக்காலில். நீ சொன்ன பேனாவை வைத்துக் காற்றை அடித்துக்கொண்டே போனார். "சத்தம் கேக்குதா சார்?" என்று கேட்டிருக்கிறார். எனக்கு அவர் வாய் அசைந்ததுதான் தெரிந்தது. "நல்லா இருக்கேன்" என்றேன். சிரித்துவிட்டார். நான் பக்கத்தில் இருந்த பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன், லேசாக ஒரு நடுக்கம். என் ரத்தம் அந்தப் பெட்டிக்குள் போய் என்ன பண்ணுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எண்ணைச் சொல்கிறேன், உட்கார்ந்து கேள். கை நூற்று நாற்பது. கணுக்கால் இருநூற்றுப் பத்து. இரண்டு தடவை வகுத்துப் பார்த்தேன். ஒன்றரை! ஒன்றுக்கு மேல் என்றால் மேல் என்று நீதானே எழுதினாய்? ஒன்றரை என்றால் எவ்வளவு மேல் என்று பார்த்துக்கொள். பள்ளிக்கூடத்தில்கூட நான் நூற்றுக்கு நூற்றைம்பது வாங்கியதில்லை. டாக்டர் அன்றைக்கு வரவில்லை. நர்ஸ் சீட்டில் எழுதிக் கொடுத்தார். நான் உன்னிடம் காட்டிக்கொள்கிறேன், எங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஷூவை விட்டுவிட்டேன். செருப்புதான். சந்தோஷம்தானே?

அண்ணன்


ஜூன் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். அண்ணிக்கு என் அன்பு.

இங்கே பெட்டி சூடாகி நின்றுவிட்டது. ஆறட்டும் என்று அரை மணி நேரம் அணைத்து வைத்திருக்கிறோம். வெளியே வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது. அந்த அரை மணியில் எழுதுகிறேன். பதிலுக்கு ஆள் வரவில்லை. இரண்டு பேர் வேலையை ஒருத்தியாகப் பார்க்கிறேன். தோள்பட்டை என்னுடையதாகவே இல்லை.

ஒன்றரை என்றால் அடைப்பு இல்லை. எனக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. அப்படியானால் முதுகெலும்பில் நரம்பு அழுந்தியிருக்கலாம், அதுவும் இப்படித்தான் நடக்கும்போது வலிக்கும். சாவகாசமாக எலும்பு டாக்டரிடம் காட்டு. சிகரெட்டை மட்டும் விட்டுவிடு.

கூப்பிடுகிறார்கள். மேல், அண்ணா. ரொம்ப மேல்.

தங்கை


ஜூன் 14

அன்புள்ள நண்டுக்கு,

உன் கடிதம் பதினோராம் தேதி வந்தது. மூன்று தடவை படித்தேன். அண்ணிக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டினேன். "பாத்தியா, என் தங்கச்சியே சொல்லிட்டா, அடைப்பே இல்லையாம்" என்றேன். அவள் என் காலைப் பார்த்தாள். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். தெருவில் நிற்கும்போது எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

நீ உடம்பைப் போட்டு இப்படி அடிக்கிறாயே, உன் தோளை யார் பார்ப்பார்கள்? மாப்பிள்ளையைத் தைலம் தேய்க்கச் சொல். தொந்தி கரையட்டும்.

எலும்பு டாக்டருக்கு என்ன அவசரம்? நீ சாவகாசமாக என்றுதானே எழுதியிருக்கிறாய். தெரு இன்னும் கொஞ்சம் மெதுவாகத்தான் போகிறது. ஒன்பதாவது வீட்டில் ஒரு தடவை நிற்கிறேன், அப்புறம் பார்த்துப் பார்த்து நடக்கிறேன். இந்தப் புழுக்கத்தில் கட்டிலில் படுத்தால் தூக்கம் வருவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன். அங்கே மின்விசிறிக் காற்று நேராக வருகிறது.

வேறு விசேஷம் இல்லை.

அண்ணன்


ஜூலை 2

அண்ணா,

இந்தக் கடிதம் வருவதற்கு முன்னால் என் தந்தி வந்திருக்கும். கடைக்குப் போன் போட்டேன். அண்ணி வீட்டில் இல்லை என்றார்கள். அதனால்தான் தந்தி. "கால் சோதனை தவறு. உடனே பெரிய ஆஸ்பத்திரி." அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

இன்று காலையில் ஒரு பஸ் டிரைவர் வந்தார். உன் வயசு. இருபது வருஷமாகச் சர்க்கரை. கணுக்கால் எண்ணை வகுத்தேன். ஒன்று புள்ளி ஆறு. என் கை தானாகவே 'குழாய் அமுங்கவில்லை, எண்ணை நம்ப வேண்டாம், விரலில் பார்க்கவும்' என்று எழுதியது. எழுதி முடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அடுத்த ஆள் வந்து படுத்தார். அவர் காலில் பட்டையைக் கட்டும்போது உன் ஒன்றரை ஞாபகம் வந்தது. அவரை அப்படியே விட்டுவிட்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணா, நான் தப்பு செய்துவிட்டேன். சர்க்கரை வருஷக்கணக்கில் இருந்தால் ரத்தக்குழாயின் சுவரில் சுண்ணாம்பு ஏறிக் கெட்டியாகிவிடும். எவ்வளவு காற்று அடித்தாலும் அது அமுங்காது. எண் மேலே மேலே போகும். உள்ளே ரத்தம் ஓடுகிறதா இல்லையா என்பதற்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. உனக்குப் புரிகிற மாதிரி சொன்னால், முள் மாட்டிக்கொண்ட மீட்டர். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் வாரமே இதைச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். உனக்கு எளிதாகப் புரியட்டும் என்று 'ஒன்றுக்கு மேல் என்றால் மேல்' என்று எதுகை மோனையோடு எழுதினேன். ஒன்று புள்ளி நான்கைத் தாண்டினால் அது மேல் இல்லை. அதை எழுதவில்லை. நீ ஒன்றரை என்று எழுதியபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். சர்க்கரை இருக்கிறது என்பது எனக்குத் தெரியாதா? பெட்டி ஆறுகிற நேரத்தில், அரைத் தூக்கத்தில், உனக்கு ஒன்றும் இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

அதற்கு அப்புறமும் நீ சொன்னாய். காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு தூங்குகிறேன் என்று எழுதினாய். காலுக்கு ரத்தம் போதாதவர்கள் அத்தனை பேரும் அப்படித்தான் தூங்குவார்கள், தொங்கப் போட்டால் கொஞ்சம் இறங்கும் என்று. அதைப் படித்துவிட்டு உன் வீட்டு மின்விசிறியைப் பற்றி நினைத்தேன்.

செருப்புக்கு ஏன் மாறினாய் என்று இப்போது கேட்கிறேன். பாதத்தில் என்ன இருக்கிறது? ஒளிக்காதே. கால் கட்டை விரலில் கட்டுகிற சின்னப் பட்டை இருக்கிறது, அதில் பார்க்கச் சொல். விரல் குழாய் அவ்வளவாகக் கெட்டியாகாது. ரத்தக்குழாய் டாக்டரையே பார். ஒரு நாள் தாமதித்தாலும் கால் போய்விடும், அண்ணா. இதற்குமேல் உன்னைப் பயமுறுத்த எனக்குத் தெரியவில்லை.

தங்கை


ஜூலை 7

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். உங்கள் வீட்டில் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். எனக்கு உங்கள் அண்ணன் மாதிரி எழுத வராது.

தந்தி மூன்றாம் தேதி வந்தது. படித்துவிட்டு மடித்து உள்ளே வைக்கப் போனார். நான் பிடுங்கிப் படித்தேன். "காலைக் காட்டுங்க" என்றேன். "ஒண்ணுமில்ல, விடு" என்றார். இரண்டு மாதமாக வீட்டுக்குள்ளேயும் காலுறை போட்டுக்கொண்டு இருந்தார். கேட்டால் குளிர்கிறது என்பார். இந்தப் புழுக்கத்தில் யாருக்குக் குளிரும்? நானே உட்கார்ந்து கழற்றினேன். சுண்டு விரலும் பக்கத்து விரலும் கறுத்துப்போய் இருந்தது. புது ஷூ கடித்த புண்ணாம். ஏப்ரலில் இருந்து இருக்கிறது. மருந்துக் கடையில் களிம்பு வாங்கித் தானே போட்டிருக்கிறார். அலுவலகத்தில் தெரிந்தால் நடக்கிற வேலை போய்விடும் என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை.

அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டேன். மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே நீளமாக அடைத்திருக்கிறது, வேறு வழியில் ரத்தம் கொண்டுபோக முடியுமா பார்க்கிறோம், முடியாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். அவருக்குக் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

நாளை மறுநாள் ஆபரேஷன். நீங்கள் வருவீர்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். நான் உங்கள் மேல் கோபமாக இருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. இப்போது அதற்கு நேரம் இல்லை.

அண்ணி


ஜூலை 13

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் இன்று கிடைத்தது. ஆபரேஷன் முடிந்திருக்கும். கடைக்காரரிடம் போனில் கேட்டேன், கால் இருக்கிறது என்று சொன்னார். அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இங்கே என்னைத் தவிர ஆள் இல்லை. லீவு கிடைக்கவில்லை. கோபப்படுங்கள் அண்ணி, பரவாயில்லை.

நாத்தனார்


ஆகஸ்ட் 12

அன்புள்ள நண்டுக்கு,

அண்ணனேதான் எழுதுகிறேன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து. எழுத்து கோணலாக இருக்கும். எனக்குச் சாப்பாடு இறங்குகிறது, அண்ணிக்கு இப்போதுதான் தூக்கம் வருகிறது. நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? ஒரு மாதமாக உன்னிடம் இருந்து எனக்கு ஒரு வரி இல்லை.

இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். கால் இருக்கிறது. தொடையில் இருந்து ஒரு ரத்த நாளத்தை உருவி, அடைப்புக்கு மேலே ஒரு முனையும் பாதத்துக்குப் பக்கத்தில் ஒரு முனையுமாகத் தைத்துவிட்டார்கள். அலுவலகத்தில் மெயின் கம்பி போனால் பக்கத்து வீட்டில் இருந்து ஒயர் இழுப்போமே, அதேதான். தினமும் மாத்திரை ஒரு கை நிறைய. ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஊசி. சிகரெட் அடியோடு நின்றுவிட்டது. டாக்டர் தினமும் நடக்கச் சொல்கிறார். வலிக்கும் வரை நட, நில், மறுபடி நட என்கிறார். முப்பது வருஷமாக அதைத்தானே செய்தேன் என்றேன்.

நேற்று ஒரு பெண் பேனாவும் பெட்டியுமாக வந்தாள். பாதத்தில் வைத்ததும் சுற்றி நின்ற நாலு பேர் முகமும் மலர்ந்தது. உன் அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்குத்தான் ஒன்றும் கேட்கவில்லை. கையை நீட்டிப் பெட்டியின் மேல் வைத்தேன். கிளினிக்கில் லேசாக நடுங்கியதே, அந்த மாதிரி இல்லை. உள்ளங்கையில் அடித்தது. உன்னை நினைத்துக்கொண்டேன்.

வேலை விஷயம். நடக்கிற வேலை இனி இல்லை. மேற்பார்வையாளர் வந்து பார்த்தார். கவுன்டர் வேண்டாம், பழுதான மீட்டர்களைப் பிரித்துப் பார்க்கிற அறையில் உட்காருங்கள் என்று எழுதிக் காட்டினார். அங்கே யாரும் பேச மாட்டார்களாம். இதை முன்னாலேயே கேட்டிருக்கலாம். கேட்கப் பயந்தேன்.

இப்போது ஒன்று சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள். உன் ஜூன் மாதக் கடிதம் இருக்கிறதே, அடைப்பு இல்லை என்று எழுதினாயே, அது எனக்குச் சமயத்தில் வந்து சேரவே இல்லை. தபால்காரர் எங்கோ தவற விட்டுவிட்டு, தந்தி வந்த அன்றைக்குத்தான் கொண்டுவந்து கொடுத்தார். அதனால் நான் அதை நம்பிச் சும்மா இருந்தேன் என்று நீ நினைக்கக் கூடாது. புண்ணை ஏப்ரலில் இருந்தே ஒளித்தது நான். ஆள் இல்லாத வீட்டில் மீட்டர் எகிறினால் சந்தேகப்படுகிறவன், கையைவிடக் கால் ஒன்றரை மடங்கு என்று வந்தபோது வாயைப் பிளந்து சந்தோஷப்பட்டேன். இதில் உன் தப்பு எங்கே வந்தது?

எழுது. திட்டியாவது எழுது.

அண்ணன்


ஆகஸ்ட் 21

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்தது. நாங்கள் சுகம். அண்ணி தூங்குகிறாள் என்று படித்ததும் நானும் நேற்று எட்டு மணி நேரம் தூங்கினேன்.

முதலில் என் பொய்யைச் சொல்லிவிடுகிறேன். லீவு கிடைக்கவில்லை என்று அண்ணிக்கு எழுதினேன். நான் கேட்கவே இல்லை. கேட்டால் கொடுத்திருப்பார்கள். இத்தனை வருஷத்தில் ஆயிரக்கணக்கான காலைப் பார்த்திருக்கிறேன். உன் காலைப் பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை. போர்வையின் கீழே அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டி வருமே என்று இங்கேயே ஒளிந்துகொண்டேன். நீ காலுறைக்குள் ஒளித்தாய், நான் வேலைக்குள் ஒளிந்தேன். நம் இரண்டு பேருக்கும் ஒரே புத்திதான்.

இப்போது உன் பொய். உன் கடிதங்களை எல்லாம் தேதி வாரியாக ஒரு தகர டப்பாவில் வைத்திருக்கிறேன். ஜூன் பதினாலாம் தேதிக் கடிதமும் இருக்கிறது. பதினோராம் தேதி வந்தது என்று அதில் நீதான் எழுதியிருக்கிறாய். மூன்று தடவை படித்ததும், சட்டைப் பையில் வைத்ததும், தெருவில் எடுத்துப் பார்த்ததும் எல்லாம் உன் கையெழுத்தில் இருக்கிறது. முப்பது வருஷம் ஒரு மீட்டரையும் தப்பாக எழுதாத மனுஷன், எனக்காக ஒரு தேதியைத் தப்பாக எழுதியிருக்கிறாய். பாவம், அந்தத் தபால்காரர் என்ன செய்தார்?

நான் அதைத் திருத்தப் போவதில்லை. நீ எழுதிய எண்ணையே வைத்துக்கொள்கிறேன். ஆனால் நடந்தது எனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

எங்கள் அறைச் சுவரில், பெட்டிக்கு மேலே, கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். 'ஒன்று புள்ளி நான்குக்கு மேல் என்றால் மேல் இல்லை. விரலைப் பார்.' யார் எழுதியது என்று புதிதாக வந்த பெண் கேட்டாள். ஆமாம், ஆள் போட்டுவிட்டார்கள். அவளுக்குக் கை நன்றாக வருகிறது. ஐந்து நாளைக்கு அவள் பார்த்துக்கொள்வாள்.

சனிக்கிழமை மதியம் வண்டியில் வருகிறேன். ஆஸ்பத்திரிப் பேனாவையும் சின்னப் பெட்டி ஒன்றையும் இரவல் வாங்கிக்கொண்டு வருகிறேன், கையெழுத்துப் போட்டுத்தான். உன் பாதத்தில் நானே வைக்க வேண்டும். நீ பெட்டியின் மேல் கையை வைத்துக்கொள். எப்படி இருக்கிறது, வலிக்கிறதா, தேவலையா என்று இனிமேல் நீ எனக்கு எழுத வேண்டாம், அண்ணா. வந்து நானே கேட்டுக்கொள்கிறேன்.

நண்டு